ஆவுளியாவுக்கு மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டால் கரைக்கு ஒரு பதில் வருகிறது, என்ன செய்வது?

மதுரைக்காரி கேட்டது:

வணக்கம். எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அழியும் நிலையில் இருக்கும் கடல் உயிர்களுக்கு மக்கள் மனதில் என்ன மதிப்பு இருக்கிறது, அது ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதுதான் ஆய்வேட்டுத் தலைப்பு. உயிரினம் ஆவுளியா (பாடப்புத்தகத்தில் கடற்பசு என்று வருமே, அதுதான்). முறை ரொம்ப எளிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "பாக் விரிகுடாவில் ஆவுளியாவைக் காப்பாற்ற ஒரு திட்டம் வருகிறது, அதற்கு உங்கள் குடும்பம் மாதம் எத்தனை ரூபாய் தரத் தயார்?" இவ்வளவுதான் கேள்வி.

வினாத்தாளைச் சோதித்துப் பார்க்க முதலில் வீட்டில் கேட்டேன். பெரியப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஐந்நூறு போட்டுக்கோம்மா" என்றார். அது மீனா, மிருகமா என்பதை அதற்கு அப்புறம்தான் கேட்டார். அடுத்த வாரம் மல்லிப்பட்டினம் போனேன். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அதே கேள்வி. முழுசாகக் கேட்டுவிட்டு, "நான் எதுக்குத் தரணும்? நீங்கள்லாம் சேர்ந்து எனக்கு எவ்வளவு தருவீங்க, அதச் சொல்லு மொதல்ல" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கட்டத்தில் சுழியம் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

என் வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, இது "எதிர்ப்புச் சுழியம்" (கேள்வியையே ஏற்காதவர் சொல்லும் சுழியம்), கணக்கில் சேர்க்காமல் தூக்கிவிடு என்கிறார். தூக்கினால் கடற்கரையில் பாதிப் பேரைத் தூக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது. சேர்த்தால் "கடலோர மக்களுக்கு ஆவுளியா மேல் மதிப்பு இல்லை" என்று முடிவு வரும், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. மற்ற நாடுகளில், மற்ற கடற்கரைகளில் இது எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். நேரில் பார்த்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

பாக்கரையான்:

தங்கச்சி, அந்தப் பெரியவர் என் மாமாவாகக்கூட இருக்கலாம், பேச்சு அப்படித்தான் இருக்கிறது. நான் அந்தக் கரையில் பிறந்தவன், பதினெட்டு வயது வரை அப்பாவோடு தொழிலுக்குப் போனவன், இப்போது பள்ளிக்கூடத்தில் வேலை.

முதலில் ஒன்று. எங்கள் ஆட்களுக்கு ஆவுளியா மேல் மதிப்பு இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே, அந்த மதிப்பு ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். தாத்தா காலத்தில் அது கறி. கடலில் கிடைக்கிற எதையும் விட ருசி, ஆட்டுக்கறி மாதிரி இருக்கும், ஒன்று மாட்டினால் தெருவுக்கே பங்கு போகும் என்பார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் அது சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் இருட்டில் நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. இப்போது என் தம்பி வயசுப் பையன்கள் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் கொடுக்கிறது.

ஆனால் அறுக்கிற வலை யாருடையது? ஆவுளியா நாலைந்து ஆள் எடை, மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும், வலையில் சுற்றிக்கொண்டால் சில நிமிடத்தில் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் முடிச்சு அவிழ்த்துக்கொண்டு உட்கார முடியாது, கத்தியை எடுத்து அறுக்கத்தான் வேண்டும். எனக்குப் பதினாறு வயதில் ஒரு தடவை அப்பா அப்படி அறுத்தார். பாதி வலை போச்சு, அன்றைக்குப் பாடும் (பிடிபட்ட மீனும்) இல்லை, டீசல் கடன் நின்றது. கரைக்கு வந்து அம்மாவிடம் "தாயும் குட்டியுமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் வந்து மாதம் எவ்வளவு தருவாய் என்று கேட்டால் என்ன எண் சொல்வார்? ஏற்கெனவே கொடுத்துவிட்டாரே.

அதோடு 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அந்த 448-க்குள்தான் எங்கள் கடற்புல் தரை, எங்கள் நண்டு, எங்கள் இறால் எல்லாம் இருக்கிறது. மதுரையில் ஒருவர் "காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லும்போது அவருடைய எந்த வயலும் அதற்குள் இல்லை. எங்களுக்கு அந்தச் சொல்லே "இனி எதைத் தடை பண்ணுவாங்களோ" என்றுதான் காதில் விழும். தடை இதுவரை பெரிதாக எதுவும் வரவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் பயம் தடைக்கு முன்னாலேயே வந்துவிடும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு பாசி எடுக்கிற பெண்கள் பட்ட பாடு எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

வரவும்செலவும்:

மேலே சொன்னவர் பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை, படித்தவர்கள் முப்பது வருடம் சண்டை போட்ட விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

கொடுக்கத் தயாரான தொகை என்பது ஒன்று, ஏற்கத் தயாரான தொகை என்பது இன்னொன்று. எதைக் கேட்க வேண்டும் என்பது, இப்போது அந்தக் கடல்மேல் யாருக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடல் பொது, ஆவுளியா எல்லோருடைய சொத்து என்று வைத்தால், "எவ்வளவு கொடுப்பாய்" என்று கேட்கலாம். அந்த இடத்தில் மீன் பிடிப்பது அவர்கள் உரிமை என்று வைத்தால், "எவ்வளவு கொடுத்தால் விட்டுக்கொடுப்பாய்" என்றுதான் கேட்க வேண்டும். பெரியவர் உங்கள் கேள்வியைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அதற்குச் சுழியம் போட்டீர்கள்.

பின்னணி தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, அங்கே போயே இராத, போகவும் போகாத அமெரிக்கக் குடும்பங்களிடம் இதே மாதிரி ஆய்வு நடத்தி, அந்தக் கடற்கரை கெட்டதால் மக்களுக்கு ஆன இழப்பு ஏறத்தாழ 280 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். எண்ணெய்க் கம்பெனி சும்மா இருக்குமா, அவர்களும் பொருளியலாளர்களைப் பிடித்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று ரொம்பப் பிரபலம். எண்ணெய்க் குட்டையில் விழுந்து சாகும் பறவைகளைக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று குழுக்களிடம் கேட்டார்கள், ஒரு குழுவிடம் 2,000 பறவை, இன்னொன்றிடம் 20,000, மூன்றாவதிடம் 2,00,000. பதில்கள் 80, 78, 88 டாலர். பறவை நூறு மடங்கு கூடினாலும் பணம் கூடவில்லை. ஆக அந்த எண்பது டாலர் பறவைக்கான விலை இல்லை, "நான் நல்லவன்" என்று சொல்லிக்கொள்ள ஆகும் செலவு. உங்கள் பெரியப்பாவின் ஐந்நூறும் அதே ரகம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அப்பாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

1993-இல் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ இருவரும் (இருவருமே நோபல் வாங்கியவர்கள்) தலைமை தாங்கிய குழு, ஒழுங்காகச் செய்தால் இந்த முறையை ஏற்கலாம் என்று சொல்லி நிபந்தனைகளை அடுக்கியது. நேரில் போய்க் கேள், எவ்வளவு தருவாய் என்று கேட்காதே, ஒரு தொகையைச் சொல்லி "இந்த வரிக்கு ஓட்டுப் போடுவாயா" என்று கேள், அவர் வீட்டு வரவுசெலவை நினைவுபடுத்து, இப்படி. அதில் ஒன்று, ஏற்கத் தயாரான தொகையைக் கேட்காதே, கொடுக்கத் தயாரானதையே கேள் என்பது. காரணம், அதுதான் குறைவான எண் தரும், கோர்ட்டில் நிற்கும். உங்கள் வழிகாட்டி அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த விதி எண்ணெய்க் கம்பெனியிடம் நஷ்டஈடு வாங்கும் வழக்குக்காக எழுதியது, வலையை அறுத்தவனிடம் கேட்பதற்காக எழுதியதில்லை.

வெராவல் ரிட்டர்ன்:

நான் ஆறு வருடம் குஜராத்தில் வெராவல் பக்கம் வேலை பார்த்தேன், மீன் ஏற்றுமதித் தொழில். மதிப்பு ஊருக்கு ஊர் மாறுவது மட்டுமில்லை, ஒரே ஊரில் பத்து வருடத்தில் தலைகீழாக மாறியதை அங்கே வயசானவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

திமிங்கலச் சுறா தெரியும்தானே, நம் மன்னார் வளைகுடாப் பக்கம் அம்மணி உளுவை என்பார்கள், உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக, உலகத்திலேயே பெரிய மீன். தொண்ணூறுகளில் வெராவலில் அதைக் குத்தீட்டி கொக்கி போட்டு இழுத்து வந்து வெட்டினார்கள். ஈரல் எண்ணெய் படகின் மரத்தில் பூச, கறி வெளிநாட்டுக்கு. வருடத்துக்கு நூற்றுக்கணக்கில். 2001-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சட்டம் வந்தது என்பதே பல படகுக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்குக் கவலை இல்லை.

2004-இல் வனத்துறை, ஒரு வனவிலங்கு அமைப்பு, ஒரு பெரிய ரசாயனக் கம்பெனி எல்லாம் சேர்ந்து பிரச்சாரம் ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான வேலை மொராரி பாபுவைக் கூட்டி வந்தது. ராமாயணக் கதை சொல்கிறவர், அந்தப் பக்கம் அவர் பேச்சுக்கு அப்பீல் இல்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா, இந்த மீன் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிற மகள், வருகிற மகளை வெட்டுவீர்களா என்றார். மீனுக்கு "வ்ஹாலி" என்று பேர் வைத்தார்கள், செல்லம் என்று அர்த்தம். நம்ம ஊரில் தலைப்பிரசவத்துக்கு மகள் வருவது எப்படியோ அப்படித்தான் அங்கேயும், எந்த விஞ்ஞானி பேசியிருந்தாலும் அந்த ஒரு வரி அளவுக்கு எடுபட்டிருக்காது.

ஆனால் (இந்த "ஆனால்" முக்கியம்) பாபு பேச்சோடு விடவில்லை. வலையை அறுத்து விட்டால் நஷ்டஈடு என்று அரசாங்கம் சொன்னது, ஒரு கட்டத்தில் 25,000 ரூபாய் வரை. அதற்கு முதலில் அதிகாரி கடலுக்கு வந்து பார்க்க வேண்டியிருந்தது, அது நடக்கிற காரியமா? அப்புறம் மீனவர்கள் கையிலேயே கேமரா கொடுத்து, நீயே படம் எடு, அதுவே சாட்சி என்று மாற்றினார்கள். இதுவரை 900-க்கும் மேல் திமிங்கலச் சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். மகள் என்ற பேச்சு மனசைத் தொட்டது, நஷ்டஈடு வலையைத் தொட்டது. ஒன்று இல்லாமல் இன்னொன்று நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அதே மீனுக்குத் தைவானில் தோஃபு சுறா என்று பேர். சதை வெள்ளையாக மெத்தென்று இருக்குமாம். அங்கே 2008-இல்தான் முழுத்தடை. பிலிப்பைன்ஸில் தோன்சோல் என்ற ஊரில் அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் காசு கொடுத்து வருகிறான், 1998-இலேயே பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஓஸ்லோப் என்ற இன்னொரு ஊரில் இறால் கையில் வைத்துக்கொண்டு ஊட்டி ஊட்டி அதைக் கரையிலேயே நிற்க வைக்கிறார்கள், பார்த்தால் கோயில் யானை ஞாபகம் வரும். ஒரே மீன், ஓரிடத்தில் மகள், ஓரிடத்தில் தோஃபு, ஓரிடத்தில் டிக்கெட் வசூல்.

நடுநிசி ராஜா:

எனக்குத் தெரிந்த ஒரே கடல் மதிப்பீடு அம்பர். திமிங்கலம் வாந்தி எடுத்தால் கிலோ கோடி ரூபாய், திமிங்கலத்துக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது 😄

வரவும்செலவும்:

சிரிப்பாக இருந்தாலும் சரியான உதாரணம். இந்தியாவில் அதை வைத்திருந்தாலே வழக்கு, இங்கிலாந்தில் கரையில் பொறுக்கினால் விற்கலாம். ஆனால் இது சந்தை விலை. மதுரைக்காரி கேட்பது சந்தையே இல்லாத ஒன்றின் மதிப்பை. இழையைத் திசைதிருப்ப வேண்டாம்.

வடமராட்சியான்:

இஞ்சால், இலங்கைப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேணும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர். அந்த முப்பதைத் தாண்டினால் ஒரு உயிரின்ர மதிப்பு எப்படி மாறுது என்று பார்க்க கடலட்டையை (கடல் வெள்ளரியை) பாருங்கோ.

உங்கட பக்கம் 2001-இலிருந்து கடலட்டை எல்லாம் முதல் அட்டவணை, யானைக்கும் புலிக்கும் உள்ள அதே சட்டம். பிடித்தால் மறியல் (சிறை). எங்கட பக்கம் அனுமதிப்பத்திரம் எடுத்தால் சுழியோடிப் பிடிக்கலாம், பண்ணை போடலாம், சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் ஏற்றுமதி செய்யலாம். அட்டைக்கு எல்லை தெரியாது, அது ரெண்டு பக்கமும் ஒரே சேற்றைத்தான் தின்னுது. இதில் பெரிய பகிடி என்னவென்றால், வெள்ளை அட்டையின் குஞ்சைப் பொரிக்க வைக்கிற முறையை 1988-இல் முதலில் செய்து காட்டினது உங்கட தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையம்தான். படிச்சது அங்கால், பண்ணை இஞ்சால்.

அதுக்காக இஞ்சத்தைய சனம் எல்லாம் ஒரே கருத்து என்று நினைக்க வேண்டாம். 2021-இல் கிளிநொச்சிக் கரையில் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள அட்டைப்பண்ணை வந்தபோது உள்ளூர்க் கடற்தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தன. பிறகு எங்கட ஆட்களே பண்ணை போட்டார்கள், அதையும் சிறுதொழில் செய்கிற வேறு ஆட்கள் எதிர்த்தார்கள், வலை போடுகிற இடத்தை வேலி அடைச்சால் நாங்கள் எங்கே போறது என்று. அட்டை அழியுது என்று ஒருத்தரும் போராட்டம் செய்யவில்லை. கடல் ஆருடையது என்றுதான் சண்டை.

ஆவுளியா பற்றி. மன்னாரில் என்ர மாமி வீட்டில் அந்தக் காலத்தில் கறி காய்ச்சினது பற்றிக் கதைப்பார்கள். இப்ப சட்டம் இருக்கு. ஆனால் ஒன்று கேட்கிறன், உங்கட இழுவைப்படகுகள் இரவில் வந்து எங்கட கடற்புல்லை வழிச்சுக்கொண்டு போகேக்க, அதில் மேயிற ஆவுளியாவுக்கு மதுரையில் என்ன மதிப்பு? தங்கச்சி, உங்கட வினாத்தாளில் அந்தக் கேள்வி இருக்கோ?

பாக்கரையான்:

வடமராட்சியான் அண்ணே சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. நாட்டுப்படகுக்காரர்கள் நாங்களும் விசைப்படகோடு அதே சண்டைதான் போடுகிறோம், வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, நாலு நாள் எங்களுக்கு என்று பிரித்தது அதனால்தான். இழுவலை ஓடின இடத்தில் கடற்புல் திரும்ப வர எத்தனை வருடமோ. ஒரு ஆவுளியா நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும், குட்டி போடுவதோ மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்கு ஒருமுறை. புல் போனால் அதுவும் போகும், நாங்களும் போவோம்.

பெசன்ட் நகர் நடையாளன்:

சென்னைக்காரன் ஒருத்தனும் பேசட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரி கடற்கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டையைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைக்கிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். மாணவர்கள் நடத்தும் அமைப்பு, 1988-இலிருந்து நடக்கிறது. குஞ்சு விடுகிற அன்றைக்குக் குழந்தைகுட்டியோடு நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று நீங்கள் உங்கள் வினாத்தாளை நீட்டினால் எண்கள் எகிறும். அதே நகரத்தில்தான் "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்ற பழமொழியும் இருக்கிறது. இந்தப் பக்கம் மீனவர் பலர் ஆமையைச் சாப்பிட மாட்டார்கள். தூத்துக்குடியில் ஒரு காலத்தில் பேராமையின் ரத்தத்தை மருந்து என்று குடித்தார்கள். வடக்கே ஆந்திராவில் ஸ்ரீகூர்மம் கோயிலில் சாமியே ஆமை. ஒரே கடற்கரை, ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்கு ஒரு மதிப்பு.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எல்லோரும் விசைப்படகைத் திட்டினோம், நானும் திட்டினேன், கரைக்கு ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்பது சட்டம், போட்டார்கள். அது தப்புதான். ஆனால் திட்டிவிட்டு அன்றைக்கு ராத்திரி நான் என்ன சாப்பிட்டேன் தெரியுமா, இறால் தொக்கு. இறாலுக்கு இழுக்கிற வலையில்தான் ஆமை சாகிறது.

அமெரிக்காக்காரன் இதில் இன்னும் ஒரு படி மேலே. ஆமை தப்பிக்கும் சாதனம் வலையில் இல்லாத நாட்டிலிருந்து கடலில் பிடித்த இறாலை வாங்க மாட்டேன் என்று 1989-இல் சட்டம் போட்டான். 1996-இல் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 1998-இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய விதம் பாரபட்சம் என்றார்கள், ஆனால் ஆமையைக் காப்பாற்ற இறக்குமதியைத் தடுக்கும் நோக்கமே தப்பு என்று சொல்லவில்லை. 2019-இலிருந்து நம் கடல் இறாலுக்கு அங்கே கதவு மூடியாகிவிட்டது. அங்கே ஆமைக்கு வைத்த மதிப்பு, இங்கே படகுக்காரன் வருமானத்தில் கழிகிறது. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை இல்லை.

இதற்கு நேர் எதிர் ஒன்று கோஸ்டா ரிகாவில். ஓஸ்தியோனால் என்ற கடற்கரையில் இதே பங்குனி ஆமை லட்சக்கணக்கில் ஏறும். முதலில் இட்ட முட்டையை அடுத்து வரும் ஆமைகளே தோண்டிப் பாழாக்கிவிடும், அதனால் முதல் சில நாள் முட்டையை ஊர்க்காரர்களே சட்டப்படி எடுத்து விற்கிறார்கள், 1987-இலிருந்து. மீதி முட்டைக்குக் காவலும் அவர்களேதான். இதைக் கேட்டதும் முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது. முட்டையை விற்கிறவன் காவல்காரனா? இரண்டு சீசன் நடந்த பிறகு அந்த ஆத்திரம் போய்விட்டது. அந்தக் கடற்கரையில் நாய் முட்டையைத் தோண்டினால் ஒரு வீட்டுக்காரர் எழுந்து ஓடுவார். இங்கே நாங்கள் வாரக்கடைசியில் மட்டும் ஓடுகிறோம்.

டவுன்ஸ்வில் தமிழன்:

ஆஸ்திரேலியா வடக்கில் இருக்கிறேன். உலகத்திலேயே அதிகமான ஆவுளியா இங்கேதான், டோரஸ் நீரிணையில். அந்தத் தீவுக்காரர்கள் அதை இன்றைக்கும் வேட்டையாடுகிறார்கள், சட்டப்படி. 1978-இல் ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் போட்ட ஒப்பந்தத்திலும், 1993-இன் பூர்விக உரிமைச் சட்டத்திலும் அந்த உரிமை இருக்கிறது. கல்யாணம், சாவு, கல்லறைக் கல் திறப்பு, எல்லாவற்றுக்கும் அந்தக் கறி வேண்டும். விற்கக்கூடாது, பங்கு போடலாம்.

நகரத்தில் வேலை பார்க்கும் என் சக ஊழியர்கள் சிலருக்கு இது பிடிக்காது, "இவ்வளவு அழகான மிருகத்தை எப்படி" என்பார்கள். என்னிடம் ஒரு தீவுக்காரர் சொன்னது: உங்கள் துறைமுகமும் சுறா வலையும் கொன்றதை யாரும் வேட்டை என்று சொல்லவில்லை. அவரிடம் ஆவுளியாவின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டால் உலகத்தில் வேறு யாரும் சொல்லாத உயரத்தில் சொல்வார். ஆனால் அதைக் காப்பாற்றப் பணம் தருவாயா என்று கேட்டால் உங்கள் மல்லிப்பட்டினத்துப் பெரியவர் மாதிரியே சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

ஜப்பானின் ஓகினாவாவில் இதற்கு நேர்மாறு, அங்கே கையளவுகூட மிச்சமில்லை. ஹெனோகோவில் அமெரிக்க ராணுவத் தளம் வருவதைத் தடுக்க 2003-இல் ஆவுளியாவின் பேரைச் சொல்லி அமெரிக்க நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார்கள். ஜப்பான் அதை 1972-இலேயே இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்திருந்தது, அந்த ஒரு பிடி போதுமாக இருந்தது. வழக்கு கடைசியில் தோற்றது. ஆனால் அங்கே அந்த மிருகத்தின் மதிப்புக்குள் அமெரிக்கத் தளங்கள் மேல் தீவுக்காரர்களுக்கு உள்ள பல வருடக் கோபமும் கலந்து இருக்கிறது, அதை எப்படி ரூபாயில் பிரிப்பீர்கள்?

மதுரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி, ராத்திரி முழுக்கப் படித்தேன். வடமராட்சியான் அண்ணா, அந்தக் கேள்வி வினாத்தாளில் இல்லை. சேர்க்கிறேன், எப்படி என்றுதான் இன்னும் தெரியவில்லை.

வழிகாட்டியிடம் இன்று பேசினேன். சுழியங்களைத் தூக்காமல் தனி அத்தியாயமாக வைக்க ஒப்புக்கொண்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். மதுரைக்கு ஒரு தாள், கரைக்கு வேறு தாள் என்று பிரிக்கப் போகிறேன். மதுரைத் தாளில் எண் கேட்பதை விட்டுவிட்டு, "மின்கட்டணத்தோடு மாதம் இத்தனை ரூபாய் சேர்த்து வாங்கினால் சம்மதமா" என்று கேட்பேன். பெரியப்பாவிடம் நேற்று அப்படிக் கேட்டுப் பார்த்தேன். டிவியை நிறுத்திவிட்டு, "எந்த மாசத்துலேருந்து?" என்றார். ஐந்நூறு ரூபாய் வெறும் ஐம்பது ரூபாயாக இறங்கியது.

கரைத் தாளுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "உங்கள் வலையில் ஆவுளியா மாட்டுகிறது. வலையை அறுத்து விட்டால் அன்றைய பாட்டுக்கும் வலைக்கும் எவ்வளவு கொடுத்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும்?" பாக்கரையான் அண்ணே, இது சரிப்படுமா?

பாக்கரையான்:

சரிப்படும், ஆனால் ஒரு வார்த்தை மாற்று. "கொடுத்தால்" என்று எழுதினால் யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எத்தனை தடவை அலைய வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதையும் தாளிலேயே எழுது. பத்து நாளில் கையில் வந்தால் ஒரு தொகை சொல்வார்கள், ஒரு வருடம் கழித்து வரும் என்றால் வேறு தொகை சொல்வார்கள், இரண்டையும் கேள்.

அப்புறம் முதல் கேள்வியாகவே பணத்தை எடுக்காதே. கடைசியாக ஆவுளியாவை எப்போது பார்த்தீர்கள் என்று ஆரம்பி. அரை மணி நேரம் நிற்காமல் பேசுவார்கள், நீ பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்.

விசைப்படகு கடலுக்குப் போகிற நாளில் வா, அன்றைக்குத்தான் நாட்டுப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். காலையில் வராதே, வலை வேலை இருக்கும். நாலு மணிக்கு மேல் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெரியவரும் அங்கேதான் இருப்பார், போன தடவை எழுதின சுழியத்தை என்ன செய்தாய் என்று கட்டாயம் கேட்பார்.